அம்மா கூப்பிட்ட பெயர்

"பெய்லிங், வாசல்ல யாரோ வந்து நிக்கிறாங்க. யாருன்னு கேளு."

"இதோ பெரியம்மா" என்று ஓடிவந்து கதவைத் திறந்தவள் முர்னி. ஜாவாவிலிருந்து வந்து, மூன்று வருஷமாக அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் பெண். இரண்டு பெரிய பெட்டிகளோடு வாசலில் நின்ற மகள்தான் பெய்லிங்.

கனடாவில் பதினாறு வருஷம். விவாகரத்துக்குப் பிறகு அங்கே இருப்புக் கொள்ளவில்லை. இனி தைவானில் பிறந்த ஊரான தைனான்தான், அம்மாவோடுதான் என்று எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்திருந்தாள்.

"அம்மா, நான்தாம்மா" என்று கையைப் பிடித்தாள்.

அம்மா கையை உருவிக்கொண்டாள். "விருந்தாளியா? சாப்பிட்டாச்சான்னு கேளு, பெய்லிங்" என்றாள் முர்னியிடம்.

"எத்தனை நாளா இப்படி? ஃபோன் பண்ணும்போதெல்லாம் தூங்குறாங்கன்னு மட்டும் சொன்னியே?" என்று பெய்லிங் அடிக்குரலில் கேட்டாள். முர்னி பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினாள்.

மறுநாள் காலை மீன் கஞ்சி. அம்மா ஒரு கிண்ணத்தின் மேலே கிடந்த கொத்தமல்லியையெல்லாம் சாப்பிடும் குச்சியால் பொறுக்கித் தன் கிண்ணத்தில் போட்டுக்கொண்டு, அந்தக் கிண்ணத்தை விருந்தாளி பக்கம் தள்ளினாள். கொத்தமல்லி வாடையே ஆகாத பெய்லிங், தப்பித்தோம் என்று முதல் வாய் எடுத்தபோதுதான் அதைப் பார்த்தாள். முர்னியின் கையில் அம்மாவின் பச்சைக்கல் வளையல். நாற்பது வருஷம் அது கிடந்த அம்மாவின் மணிக்கட்டில், கன்றிப்போன தடம்.

கிண்ணத்தைத் தள்ளிவைத்தாள்.

வீடும் அவளுக்கு இடம் கொடுக்கவில்லை. எந்த ஸ்விட்ச் எந்த விளக்குக்கு என்று முர்னியைத்தான் கேட்க வேண்டியிருந்தது. குப்பை வண்டியின் பாட்டுக் கேட்டு அவள் பையைத் தேடுவதற்குள், முர்னி போட்டுவிட்டுத் திரும்பியிருப்பாள். சாத்திய கதவுக்குப் பின்னால் அம்மாவும் முர்னியும் ஏதோ பேசிக்கொள்வார்கள். இவள் காலடிச் சத்தம் கேட்டதும் பேச்சு அறுந்துபோகும்.

ஒருநாள் அப்பாவின் படத்துக்கு முன்னால் ஊதுபத்தி ஏற்றினாள். பின்னாலிருந்து அம்மா கத்தினாள்.

"யாருடி இவ, என் வீட்டுக்காரருக்குப் பத்தி காட்டுறா? அவர் சாவுக்கு வந்த ஒவ்வொரு முகமும் எனக்கு ஞாபகம் இருக்கு. இவ வரல!"

பத்தியின் சாம்பல் பெய்லிங்கின் கையில் உதிர்ந்தது. விடுமுறை கிடைக்கவில்லை என்று அன்றைக்குப் பூ மட்டும்தான் அனுப்பியிருந்தாள்.

இதையெல்லாம் முர்னிதான் சொல்லிக்கொடுக்கிறாள் என்று அன்றே தீர்மானித்தாள். மூன்றாவது வாரம், மதியம் அம்மா கண்ணயர்ந்ததும், அடுப்படியில் அவளை மடக்கினாள்.

"வளையலை எப்படிக் கழட்டின?"

"நான் கழட்டலக்கா. பெரியம்மாதான் சோப்புப் போட்டுக் கழட்டி மாட்டிவிட்டாங்க. வேணாம்னு எவ்வளவோ சொன்னேன்."

"மறதி பிடிச்சவங்க கொடுத்தா வாங்கிக்குவியா? என் பேரை எடுத்துக்கிட்ட. வளையலை எடுத்துக்கிட்ட. அடுத்தது என்ன, வீடா?"

முர்னி வாயைத் திறந்தாள். அம்மா தூங்கும் அறைப்பக்கம் ஒருமுறை பார்த்தாள். மூடிக்கொண்டாள்.

அந்த மௌனம் போதும் என்று தோன்றியது பெய்லிங்குக்கு. முர்னியை வேலைக்கு அனுப்பிய ஏஜென்டுக்கு உடனே ஃபோன் போட்டாள். மூன்று மணிக்குக் கார் வந்தது. முர்னி வளையலைக் கழற்றி அவள் கையில் கொடுத்துவிட்டு, ஒற்றைப் பையோடு படியிறங்கினாள்.

"பெரியம்மாகிட்ட ஒரு வார்த்தை..."

"வேண்டாம். எழுந்தா அவங்களுக்கு உன்னையே ஞாபகம் இருக்காது."

கார் தெருமுனை திரும்பியது. வந்த நாளிலிருந்து முதல் தடவையாக வீட்டில் மூச்சு விட முடிந்தது.

நாலு மணிக்கு அறையிலிருந்து குரல் வந்தது. "பெய்லிங்!"

அந்தப் பெயருக்கு ஓடிப்போக இனி அவள் ஒருத்திதான். "இதோ வந்துட்டேம்மா" என்று வெந்நீர் எடுத்துக்கொண்டு ஓடினாள்.

அம்மா டம்ளரை வாங்கவில்லை. திறந்திருந்த கதவு வழியாக, முர்னியின் செருப்பு இல்லாத வாசலைப் பார்த்தாள். ஆணியில் அவள் ஏப்ரன் இல்லாததைப் பார்த்தாள். பிறகு மெல்லத் திரும்பினாள். மூன்று வாரமாகக் கலங்கிக் கிடந்த கண்களில் துளிக் கலக்கமும் இல்லை.

"எனக்கு எதுவும் மறக்கல. முர்னியைத் திரும்பக் கூப்பிடு, பெய்லிங்."