எண் பொறிக்காத குமிழ்

வலப்பக்கம் கடைசி வரை. இடப்பக்கம் கடைசி வரை.

மூன்றாவது முறை திருப்பும்போதுதான் அவள் கை நின்றது.

குமிழிலிருந்து விரல்களை எடுக்கவில்லை. எடுத்தால் முடிந்துவிடும் போலிருந்தது.

காலையிலிருந்து அந்த மின்னிசைக் கருவி, சின்தசைசர், கரகரத்துக்கொண்டிருந்தது. குமிழுக்குள் தூசு. அணைத்துவிட்டு இரண்டு சொட்டு கிளீனர் விட்டு, இந்த முனைக்கும் அந்த முனைக்குமாகப் பத்து முறை திருப்பினால் சரியாகிவிடும். பழுதுபார்க்க வந்த எத்தனையோ கருவிகளில் செய்திருக்கிறாள். கை அவளைக் கேட்கவேயில்லை.

அவள் கணவன் எட்வின் கடைசியாகத் திருப்பி வைத்த குமிழ்.

சுவரளவு உயர்ந்த அந்தக் கருவியை இருவருமாக ஆறு வருடங்கள் கட்டினார்கள். அதற்கு நினைவு கிடையாது. வயர்கள் செருகியிருக்கும் இடமும் குமிழ்கள் நிற்கும் இடமும்தான் ஒலி. கலைத்தால் போயிற்று.

அவன் இறந்து பதினோரு மாதங்கள். ஒரு வயரைக்கூட அவள் அசைக்கவில்லை.

பதிவு செய்யவுமில்லை. எதிரிலேயே இருப்பதை எதற்குப் பதிவு செய்ய?

குமிழைச் சுற்றிப் பார்த்தாள். வெறும் அலுமினியத் தகடு. எண்கள் வேண்டாம் என்றவன் அவன்தான். எண் இருந்தால் காது சோம்பேறியாகிவிடுமாம்.

வாசலில் செருப்பு கழற்றும் சத்தம்.

எட்வினின் அம்மா. ஞாயிறு பூசை முடிந்ததும் பெரம்பூரிலிருந்து பஸ் பிடித்து வந்துவிடுவாள். மகன் விட்டுப்போன ஒலியைக் கேட்க. இரண்டு சுரங்கள் நூலிழை விலகி, மெல்ல ஏறி, மெல்ல இறங்கும். மகனைப் பற்றி எதுவும் பேசமாட்டாள். நாற்காலியை மட்டும் கருவிக்கு இன்னும் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துக்கொள்வாள்.

இன்றும் இழுத்தாள்.

"போடும்மா."

போட்டாள். கரகரப்பு இல்லை.

அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"என்னம்மா இது, மாடிப்படி ஓடி ஏறி வந்தவன் மூச்சு மாதிரி இருக்கு?"

"சுத்தம் பண்றேன்னு... திருப்பிட்டேன் அத்தை."

மின்விசிறி சுற்றியது. அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகும் அந்தத் துணி முகத்திலேயே இருந்தது.

"சரி. மெதுவா திருப்பு. நான் சொல்றேன்."

திருப்பினாள்.

வேகம் குறைந்தது. ரொம்பக் குறைந்தது. பின்னுக்குத் திருப்பினாள். தாண்டிப் போனாள். மறுபடி வந்தாள். எந்த இடமும் அவன் வைத்த இடம் இல்லை. விரல்கள் நடுங்கத் தொடங்கின. அதோடு சேர்ந்து ஒலியும்.

"இதான். நிறுத்து."

அது இல்லை, அவள் காதுக்குத் தெரிந்தது.

திரும்பிப் பார்த்தாள். அத்தையின் கண்கள் அவள் விரல்களின் மேல் இருந்தன.

"இதேதான். விட்டுரும்மா கைய."

விட்டாள்.

இருவரும் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

பிறகு அவள் மார்க்கரை எடுத்து, குமிழ் நிற்கும் இடத்தில், தகட்டின் மேல் சின்னதாக ஒரு கோடு போட்டாள்.