திறந்தால் மூன்று நாள்

ஒன்பதாவது பாட்டு முடிந்ததும் கோல்டோ கையைத் தூக்கினான். தெரு முழுக்க வாயை மூடிக்கொண்டது.

திருவிழாவின் இரண்டாம் நாள், மதியம் ஒரு மணி. என் சிநேகிதி எடுர்னேயின் பார் வாசலில் மேசை போட்டு, தனக்கு உயிருக்கு உயிரான பத்து ஸ்கா, பங்க் பாட்டுகளை வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தான் அவன். எங்கள் மீன்பிடி ஊரான பெர்மியோவில் வருஷத்துக்கு ஒரே ஒரு ரசிகருக்குத்தான் இந்த மரியாதை. இந்த வருஷம் அது அவனுக்கு.

ஒன்பதும் நல்ல பாட்டுகள்தான், பொய் சொல்லக் கூடாது. ஐந்தாவதில் அந்த ட்ரம்பெட் வந்தபோது என் கால் என்னைக் கேட்காமலே ஆடியது.

ஆனால் நான் வந்தது பத்தாவதற்காக.

முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னால், ஊர் இளசுகள் எல்லாம் காலியாகக் கிடந்த பழைய பள்ளிக்கூடத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு கூத்தடித்த காலத்தில், கோல்டோவின் பாட்டுக் குழுவில் பாடலாம் என்று போனேன். பகலெல்லாம் தொழிற்சாலையில் நெத்திலி மீனை டப்பாவில் அடைத்துவிட்டு, கையை எத்தனை தடவை கழுவியும் வாடை போகாமல் போனேன். அரை வரிகூட ஆகவில்லை. மைக் ஒயரைப் பிடுங்கிவிட்டான்.

"உனக்கு டப்பா அடைக்கத்தான் வரும் நெகானே. பாட்டெல்லாம் வராது. போ, போய்ப் பொழப்பப் பாரு."

பதினைந்து பேர் சிரித்தார்கள். அதில் பாதிப் பேர் இன்று நரைத்த தலையோடு, கையில் வெர்முத் மதுவோடு இதே தெருவில் நின்றார்கள். அன்று கிட்டார் வாசித்த இனாகி என்னைப் பார்த்ததுமே ஆரம்பித்தான்.

"அடடே, நெகானே. பாட வந்தியா? ஒயரப் பத்திரமாப் பாத்துக்க."

முப்பத்தெட்டு வருஷமாக இதே நக்கல். இவர்கள் முன்னால், அந்தப் பேச்சைக் கோல்டோ திரும்ப விழுங்க வேண்டும். பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள். எனக்குப் பூமியெல்லாம் வேண்டாம், இந்த ஒரு மதியம் போதும்.

கோல்டோ மைக்கை வாயருகே கொண்டுபோய், ஒரு பழைய கேசட்டை எல்லாரும் பார்க்கும்படி உயர்த்திப் பிடித்தான்.

"லிவர்பூல், எண்பத்துமூணு. பேரே வெச்சுக்காத குழு. பேர் வெச்சா போலீஸ் புடிச்சிரும்ல? கொட்டுற மழையில நனைஞ்சுக்கிட்டுப் போய், ஒரு நிலவறையில இவங்கள நேர்லயே பாத்திருக்கேன்."

பொய். அந்தக் கேசட் பழைய பள்ளிக்கூடத்துப் பெட்டியில் கிடைத்தது. யார் வேண்டுமானாலும் போடலாம், யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று ஒரு பெட்டி இருந்தது. மேலே இங்கிலாந்து ஊர்ப் பெயர் ஒன்று எழுதியிருந்தால் கோல்டோ கண்ணை மூடிக்கொண்டு எடுப்பான். அது ஊருக்கே தெரியும்.

உள்ளே கிளாஸ் கழுவிக்கொண்டிருந்த எடுர்னே சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்தாள். நான் அவள் பக்கம் திரும்பவில்லை.

பாட்டு தொடங்கியது. முதலில் தகரத்தில் விழும் அடி. பிறகு ஒரு பெண் குரல், ஆத்திரத்தில் தொண்டை கிழியக் கத்தும் குரல்.

கோல்டோ கண்ணை மூடிக்கொண்டான். நிஜமாகவே அழுதான். "இவளுக்கு மேல ஒரு பாடகி இன்னும் பொறக்கல," என்றான், எல்லாருக்கும் கேட்கும்படி மைக்கிலேயே.

தெருவே சேர்ந்து கத்தியது. குளிரில் வை. வெயில் காட்டாதே. திறந்தால் மூன்று நாள். பனியனில்கூட அச்சடித்துப் போட்டிருந்தார்கள். பச்சைத் தலைமுடிக்காரி ஒருத்தி அந்த இங்கிலீஷ் வரிகளுக்கு அர்த்தம் கேட்டாள்.

"செறையில கெடக்குற தோழர்களப் பத்திம்மா. குளிர்ல போட்டாங்க, வெயிலக் காட்டல. கதவு மட்டும் தொறந்துச்சு, மூணே நாள்ல புரட்சி."

பாட்டு வழக்கம்போல் பாதியில் அறுந்தது. டேப் அங்கே முடிந்துவிடும்.

"கடைசி வரிய வெட்டிட்டாங்க பாவிங்க," என்றான். "இத்தன வருஷமாத் தேடுறேன். அந்த ஒரு வரி கெடச்சா நிம்மதியாக் கண்ண மூடுவேன்."

கைதட்டல் அடங்கும்வரை பொறுத்தேன். பிறகு மேசையருகே போய், பையிலிருந்து எடுத்து அவன் முன்னால் வைத்தேன்.

துருப்பிடித்த காலி நெத்திலி டப்பா. அந்தக் காலத்தில் வெளிநாட்டுக்கு என்று நாங்கள் அடைத்தது. பின்பக்கம் முழுக்க இங்கிலீஷ்.

"கண்ணாடிய மாட்டிக்கிட்டுச் சத்தமாப் படி, கோல்டோ."

மைக் அவன் கையிலேயே இருந்தது.

"குளிரில் வைக்கவும்," என்று படித்தான். "வெயில் படாமல்..." குரல் இறங்கியது. "திறந்தபின் மூன்று நாளுக்குள்..."

பச்சைத் தலைமுடிக்காரிதான் முதலில் சிரித்தாள். அப்புறம் தெருவே சிரித்தது. இனாகி மட்டும் சிரிக்கவில்லை, என்னையே வெறித்துக்கொண்டு நின்றான்.

டப்பாவில் இன்னும் ஒரு வரி பாக்கி இருந்தது. கோல்டோ அதைப் படிக்கவில்லை. தலையைத் தூக்கி என் முகத்தைப் பார்த்தான். இத்தனை வருஷத்தில் அவன் என்னை ஒழுங்காகப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

உள்ளே எடுர்னே இரண்டு கரண்டிகளை எடுத்துத் தகரத் தட்டைக் கவிழ்த்து அடித்தாள். அந்தக் கேசட்டில் பதிவதற்காக எங்கள் வீட்டுச் சமையலறையில் அன்று பிஸ்கட் தகரத்தில் அவள் அடித்த அதே அடி.

மைக்கை அவன் கையிலிருந்து வாங்கினேன். ஒயரை யாரும் பிடுங்கவில்லை.

கடைசி வரியைப் பாடினேன்.

"பெர்மியோவில் அடைக்கப்பட்டது."