ஒரு மணிக்குத் திரும்பும் கேமரா

“அஞ்சு நிமிஷம் பொறுப்பா. ஒரு மணிக்கு என் பையன் பார்ப்பான். இந்தப் பனியனோட உட்கார்ந்தா திட்டுவான்” என்று சொல்லிவிட்டு உள்ளே போன பக்தவத்சலம், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு திரும்பி வந்தார்.

கேமராவைக் கழற்ற வந்திருந்த மோகன் ஸ்குரூ டிரைவரும் கையுமாக நின்றான். காலையில்தான் அவருடைய மகள் அனு பெங்களூரிலிருந்து போன் செய்திருந்தாள். ‘அப்பா கேமராகிட்ட பேசறார். எனக்கு பயமா இருக்கு. கழட்டி எடுத்துட்டுப் போயிடுங்க’ என்றாள்.

பதினைந்து வருஷமாக வயர் இழுக்கிற மோகனுக்குக் காரணம் கேட்டுப் பழக்கமில்லை. செங்கல்பட்டு வெயில் மண்டையைப் பிளந்தது. வரும் வழியில் தெருமுனைப் பிள்ளையார் கோயில் பூட்டிக் கிடக்க, வண்டியை நிறுத்தாமலே ஒற்றைக் கையால் கன்னத்தில் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்திருந்தான்.

“அம்மா இல்லீங்களா சார்?”

“ஜெகதா கோயிலுக்குப் போயிருக்கா. ரெண்டு மாசம் படுத்த படுக்கையா கெடந்தாப்பா. ஒரு வாய் கஞ்சி எறங்கலை. இப்பத்தான் தினம் கோயிலுக்குப் போறா, வந்து நல்லா சாப்பிடறா. எனக்கு அது போதும்.”

சமைத்து மூடி வைத்துவிட்டுப் போயிருந்தாள் போலிருக்கிறது. அவரே சாப்பாட்டு மேஜையில் தட்டைப் போட்டுப் பரிமாறிக்கொண்டார்.

கேமரா கூடத்து மூலையில், வாசல் கதவைப் பார்த்தபடி இருந்தது. இன்டர்நெட்டில் எங்கிருந்து சொன்னாலும் தலையைத் திருப்புகிற ஜாதி. இந்த ஊரில் இன்னும் நாலு வீட்டில்கூட வராத சாமான்.

“எல்லாம் பையன் வேலைதான். நம்ம வீட்டுப் படம் எவன் கம்பெனிக்கோ எதுக்குப் போகணும்னு, அவன் ரூம்லயே ஒரு கம்ப்யூட்டரை சர்வரா வெச்சிட்டான். சிறுசேரி ஆபீஸ்ல உட்கார்ந்துக்கிட்டு ஒரு மணிக்கு கேமராவை என் பக்கம் திருப்புவான். எனக்கு சுகர். தட்டுல உருளைக்கிழங்கைப் பார்த்தான்னா உடனே போன்!”

“குடுத்து வெச்சவரு சார் நீங்க” என்று சிரித்த மோகன், அவர் தலைக்கு மேல் சுவரில் இருந்த படத்தை அப்போதுதான் பார்த்தான். டை கட்டிய இளைஞன். சந்தன மாலை. கீழே எழுதியிருந்தது: ‘நிதின். மறைவு: 11.2.2007.’

“முட்டுக்காடு பாலத்துக்கிட்ட லாரி அடிச்சுது. ஏழு மாசம் ஆச்சு” என்றார் பக்தவத்சலம், சாதத்தைப் பிசைந்துகொண்டே.

சுவர்க் கடிகாரம் ஒரு மணி அடித்தது.

‘விர்ர்’ என்று ஒரு சத்தம். கேமரா தானாக அசைந்தது. வாசல் கதவை விட்டுவிட்டு மெல்ல மெல்லத் தலையைத் திருப்பி, நேராகச் சாப்பாட்டு மேஜையின்மேல் வந்து நின்றது.

“வந்துட்டியாடா? இன்னிக்கு வெண்டைக்காய்தான். பாரு” என்று அவர் தட்டைச் சாய்த்துக் காட்டினார்.

மோகன் ஓர் அடி பின்வாங்கினான். “சா... சார்... யாரு சார் திருப்பறது?”

“சொன்னேனே. நிதின்.”

மோகன் நிதினின் அறைக்குள் ஓடினான். தூசு படிந்த மேஜையில் சர்வர் முனகிக்கொண்டிருந்தது. யார், எப்போது நுழைந்தார்கள் என்ற பட்டியலைத் திறந்து பார்த்தான். மாதக்கணக்கில், தினமும் ஒரு மணிக்கு, ‘நிதின்’ என்ற பெயரில் யாரோ பாஸ்வேர்டு போட்டு நுழைந்திருந்தார்கள். இதோ, இப்போதும் உள்ளேதான் இருக்கிறார்கள்.

எந்த இடத்திலிருந்து பார்க்கிறார்கள் என்பதற்கு ஓர் எண் காட்டும். அதைப் படித்தவன் திகைத்துப் போனான். அவனே போன வருஷம் அடுத்த தெரு பிரவுசிங் சென்டருக்குக் கைப்பட அமைத்துக் கொடுத்த எண் அது!

“தோ வந்துர்றேன் சார்” என்று வண்டியை எடுத்தான்.

சென்டரின் கடைசித் தடுப்பில் ஓர் அம்மாள் மூக்குக் கண்ணாடியோடு மானிட்டரை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். திரையில் வெள்ளைச் சட்டையில் பக்தவத்சலம் மோர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

“அம்மா... நீங்களா?”

ஜெகதாம்பாள் திடுக்கிட்டுத் திரும்பினாள். அவன் கையிலிருந்த ஸ்குரூ டிரைவரைப் பார்த்ததும் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

“கழட்டிடாதப்பா. உனக்குப் புண்ணியமாப் போவும். பையன் பார்க்கறான்னு நம்பித்தான் அந்த மனுஷன் வேளைக்கு உட்கார்ந்து நாலு வாய் சாப்பிடறார். நான்னு தெரிஞ்சா அன்னியோட சோத்தைத் தொடமாட்டார்.”

“பாஸ்வேர்டு எப்படிம்மா?”

“அவன் பொறந்த தேதிப்பா. பெத்தவளுக்குத் தெரியாதா? கேமராவைத் திருப்பறதை அவனேதான் காட்டிக் குடுத்திருந்தான்.” முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “கோயிலுக்குப் போறேன்னுதான் சொல்லிட்டு வர்றேன். நீயும் அப்படியே சொல்லிடு.”

மோகன் வீட்டுக்குத் திரும்பியபோது கேமரா மறுபடி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது. பக்தவத்சலம் கை கழுவிவிட்டு, வெள்ளைச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தார்.

“நல்ல கேமரா சார். இருந்துட்டுப் போவட்டும். உங்க பொண்ணுகிட்ட நான் பேசிக்கறேன்” என்று மோகன் பையை மூடினான்.

“வழியில ஜெகதாவைப் பார்த்தியாப்பா?”

தொழிலில் பொய் சொல்லிப் பழகிய வாய்தான். “பார்த்தேன் சார். பிள்ளையார் கோயில்ல சுத்திக்கினு இருந்தாங்க.”

பக்தவத்சலம் கேமராவை நிமிர்ந்து பார்த்தார். அது அவர் பக்கம் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

“ஒரு மணிக்கு எந்தக் கோயில்ப்பா தெறந்திருக்கும்?”