சிலுவை போட்ட பலகைகள்

"ஆண்டவருக்குன்னு ஒதுக்கினதுல கை வைக்க உங்களுக்கு எப்படிண்ணே மனசு வந்துச்சு?"

கேட்ட பிறகுதான் தன் குரல் ஓங்கிவிட்டது போதகருக்கே தெரிந்தது. தச்சர் இழைப்புளியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பட்டறை மூலையில் அந்தப் பலகைகள் நின்ற இடத்தில் சுவர் மட்டும் வெளுத்துத் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை புது ஆலயத்தின் பிரதிஷ்டை. பேராயரே வருகிறார். திருவிருந்து மேசை ஒன்றுதான் பாக்கி. அதற்கென்றே பதினோரு வருடங்களுக்கு முன்பு நான்கு தேக்குப் பலகைகளை வாங்கி, ஜெபம் பண்ணி, ஒவ்வொன்றிலும் சாக்பீஸால் சிலுவை போட்டு நிறுத்தியிருந்தார் தச்சர்.

தெருக்காரர்கள் அவற்றுக்கு 'மோட்சப் பலகை' என்று பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள். இரட்டை விலை தருகிறேன் என்று வந்தவர்களை அவர் வாசலோடு திருப்பி அனுப்பினார். மகளின் கல்யாணக் கட்டிலுக்குக்கூட அதைத் தொடவில்லை. அவ்வளவு ஏன், மூன்று வருடத்துக்கு முன்பு ஒரே மகன் லாரியில் அடிபட்டு இறந்தபோது, மனைவி அழுது கெஞ்சியும் கேட்காமல், மட்ட மரத்தில்தான் பெட்டி செய்தார்.

அந்த அடக்க ஆராதனையை நடத்தியவர் இதே போதகர்தான். தேவனுக்கென்று பிரித்து வைப்பது என்றால் என்ன என்று சபைக்குச் சொல்லும்போதெல்லாம் அவர் தச்சரைத்தான் காட்டுவார். இப்போது அந்தப் பிரசங்கங்களை எல்லாம் எந்த முகத்தோடு நினைத்துப் பார்ப்பது? கோபத்தைவிட வருத்தம்தான் அவருக்கு அதிகமாக இருந்தது.

தச்சர் தரையைப் பார்த்தபடியே நடந்ததைச் சொன்னார். பின் தெருவில் ஒருவன் தனியாகக் குடியிருந்தானாம். வந்து ஒரு மாதம்தான் ஆகிறதாம். செவ்வாய்க்கிழமை காலை செத்துக் கிடந்தான். சொந்தம் என்று ஒரு ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. பாயில் சுற்றித் தூக்கிப்போகப் பார்த்தார்கள். அவனுக்குத்தான் அந்தத் தேக்கில் பெட்டி செய்துவிட்டார்.

போதகருக்கு மனம் கொஞ்சம் இளகியது. ஆனாலும் பட்டறையைச் சுற்றிக் கண்ணை ஓட்டியவருக்கு ஆறவில்லை. சுவரோரம் மரம் ஆளுயரத்துக்கு அடுக்கிக் கிடந்தது.

"நல்ல காரியம்தான், வேண்டாங்கல. ஆனா இங்க இவ்வளவு மரம் கிடக்குதேண்ணே. இதுல ஒண்ணை எடுத்திருக்கலாமே? பெத்த பிள்ளைக்கே குடுக்காததை, முன்பின் தெரியாதவனுக்கு..."

"தெரியாதவன் இல்லைங்கய்யா."

தச்சர் இழைப்புளியைக் கீழே வைத்தார்.

"இதெல்லாம் என் மரம். ரெண்டு தடவை இதுல கை வச்சேன், முடியல. என் மரத்துல இருந்து அவனுக்கு ஒரு சிராய் குடுக்கக்கூட எனக்கு மனசு வரலங்கய்யா. அதான், ஆண்டவர் மரத்துல இருந்து எடுத்துக் குடுத்தேன்."

"அப்படி யாருண்ணே அவன்?"

தச்சர் வெளுத்த சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு அந்த லாரியை ஓட்டினவன்."