லீக்ஸ் திருட்டு வழக்கு

திங்கட்கிழமை காலை பத்து மணி. டவாலி எர்னி பர்லிசன் கறுப்பு அங்கியை இழுத்துவிட்டுக்கொண்டு, அந்த ஈரச் சாக்குப் பொட்டலத்தை நீதிமன்ற மேசைமேல் பச்சைக் குழந்தையைக் கிடத்துவதுபோலக் கிடத்தினார்.

உள்ளே இரண்டு லீக்ஸ். வெங்காயத்தாளுக்குப் பெரியண்ணன் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் இவை ஒவ்வொன்றும் பயில்வானின் புஜத்தளவு இருந்தன.

இங்கிலாந்தின் வடகோடியில், நார்த்தம்பர்லாந்தின் பழைய சுரங்க ஊர்களில் லீக்ஸ் வளர்க்காதவனை ஆண்பிள்ளை என்றே யாரும் மதிப்பதில்லை. எர்னிக்கும் பேருக்கு ஒரு பாத்தி உண்டு. வருகிற சனிக்கிழமை கிளப்பில் போட்டி; ஆளுக்கு ஒரு ஜோடி வைக்க வேண்டும். போன வருடக் கோப்பை வில்ஃப் ஹெப்பிளுக்கு. அதற்கு முந்தைய வருடம், வில்ஃபின் தங்கையைக் கட்டிய ஜாஸ் டெய்ட்டுக்கு. மைத்துனர்கள் இருவரும் இப்படியே கோப்பையை வீடு மாற்றிக்கொண்டிருந்தார்கள். மற்றவர்கள் கைதட்டிவிட்டு வீடு திரும்புவார்கள்.

இந்த முறை வில்ஃப் பாத்திக்குப் பக்கத்திலேயே கூடாரம் போட்டு, ஒரு மாதமாகக் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு காவல் காத்தார். ஞாயிறு மதியம், ஊரே கதவைச் சாத்திக்கொண்டு மாட்டிறைச்சி ரோஸ்ட்டை ஒரு கை பார்க்கும் அந்த ஒரு மணி நேரம் மட்டும் அவரும் வீட்டுக்குப் போனார். ரோஸ்ட்டுக்குப் போகாவிட்டால் அவர் மனைவி கூடாரத்தையே பிடுங்கி எறிந்திருப்பாள். வயிறு நிறையத் திரும்பி வந்தால் பாத்தியில் இரண்டு குழிகள்தான் இருந்தன.

யாரோ பேர் சொல்லாமல் போலீசுக்குப் போன் போட்டு, ஜாஸின் கொட்டகையைப் பார்க்கச் சொன்னார்கள். அங்கே ஈரச் சாக்குக்கு அடியில் இரண்டு லீக்ஸ். "என்னோடது!" என்று ஜாஸ் கத்தினார். கத்தியதோடு நிற்காமல் பூவாளியை எடுத்துப் போலீஸ்காரர் தலையில் ஒன்று வைத்தார். அதனால்தான் இரவு லாக்கப், காலையில் கோர்ட்.

வழக்கு எப்போது வேண்டுமானாலும் நடக்கட்டும், லீக்ஸை மட்டும் இன்றைக்கே என் கையில் கொடுங்கள் என்று இருவருமே கேட்டார்கள். யார் கைக்குப் போகிறதோ அவருக்குத்தான் சனிக்கிழமை கோப்பை. இது எப்படி முடியுமோ என்று எர்னியளவு கவலைப்பட்டவர் அந்த அறையில் வேறு யாருமில்லை. இருவருமே அவருக்குப் பள்ளிக்கூடத்துச் சிநேகிதர்கள்.

மாஜிஸ்திரேட் மிஸஸ் ஆலன்பி தெற்கிலிருந்து வந்து குடியேறியவர். அதுவரை லீக்ஸை சூப்பில் மட்டுமே சந்தித்திருந்தார்.

"இது உங்களுதுதான்னு எப்படிச் சொல்றீங்க, மிஸ்டர் ஹெப்பிள்?"

"பெத்த புள்ளைய தகப்பனுக்கு அடையாளம் தெரியாதா மேடம்?" என்றார் வில்ஃப். "மார்ச் மாசத்துலேர்ந்து தினமும் இதுங்ககிட்ட பேசிக்கிட்டிருக்கேன். ஆயிரம் லீக்ஸுக்கு நடுவுல போட்டாலும் கண்ணை மூடிக்கிட்டு எடுத்துடுவேன்."

"சொந்தப் புள்ளைங்க மூணு பேரையும் பேர் மாத்திக் கூப்பிடுற ஆளு மேடம் இவரு," என்று கூண்டிலிருந்து ஜாஸ் குரல் கொடுத்தார். "மச்சான், அது நான் வளர்த்து, நான் பிடுங்கி, நான் கழுவி வெச்சது. உன் தங்கச்சி தலைமேல சத்தியம்."

"அவ தலைமேல சத்தியம் பண்ணித்தானே கல்யாணத்தன்னிக்குக் குடியை விட்டே?"

"அமைதி," என்றார் எர்னி. அதற்குத்தான் அவருக்குச் சம்பளம்.

மிஸஸ் ஆலன்பி லீக்ஸைப் பார்த்தார், வில்ஃபைப் பார்த்தார். "இவர் இவ்வளவு உறுதியா சொல்றதால..." என்று ஆரம்பித்தார்.

எர்னி அதற்குமேல் காத்திருக்கவில்லை. சட்டென்று குனிந்து கிளார்க்கின் காதைக் கடித்தார். "யார்கிட்ட கொடுத்தாலும் சனிக்கிழமை கிளப்புல அடிதடிதான் சார். தீர்ப்பு வர்ற வரைக்கும் போலீஸ் குளிர்பெட்டியிலேயே இருந்துட்டா ரெண்டு குடும்பமும் பிழைக்கும்."

கிளார்க் அதை மாஜிஸ்திரேட்டின் காதுக்குக் கொண்டுபோனார். அந்த அம்மாளுக்கும் அது நியாயமாகப் பட்டது. ஜாஸுக்கு ஜாமீன், லீக்ஸுக்குக் காவல், வழக்கு மூன்று வாரத்துக்கு ஒத்திவைப்பு.

"மூணு வாரத்துல அது சூப்புக்குக்கூட ஆகாது மேடம்," என்று மைத்துனர்கள் ஒரே குரலில் அழமாட்டாத குறையாகச் சொன்னார்கள். முப்பது வருட உறவில் அவர்கள் ஒத்துப்போனது அதுதான் முதல் தடவை.

உள்ளூர்ப் பத்திரிகை அந்த வாரம் லண்டன் பெரிய கோர்ட்டின் தீர்ப்புகளையெல்லாம் ஆறாம் பக்கத்துக்குத் தள்ளிவிட்டு, முதல் பக்கத்தில் அந்த இரண்டு லீக்ஸின் படத்தைப் போட்டது.

சனிக்கிழமை கிளப்பில் நடுவர்கள் நாடா பிடித்துச் சுற்றளவு பார்த்தார்கள். முதல் பரிசு எர்னி பர்லிசனுக்கு. பத்தொன்பது வருடமாக மூன்றாம் இடத்தைத் தாண்டாத மனிதர் என்பதால் ஊரே எழுந்து நின்று கைதட்டியது.

மைத்துனர்களும் வந்து கை கொடுத்தார்கள். மற்றவனுக்குக் கிடைக்கவில்லை என்ற நிம்மதி இருவர் முகத்திலும் பளிச்சென்று தெரிந்தது. "அன்னிக்கு நீ மட்டும் சமாதானம் பண்ணலேன்னா நாங்க வெட்டிக்கிட்டுச் செத்திருப்போம்ப்பா," என்றார் ஜாஸ்.

வில்ஃப் பரிசு பெற்ற லீக்ஸில் ஒன்றைக் கையில் எடுத்தார். புரட்டிப் பார்த்தார், மோந்து பார்த்தார். எர்னி கோப்பையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"தப்பா நினைக்காதே எர்னி, நல்லாத்தான் வளர்த்திருக்கே," என்றார் வில்ஃப். "இருந்தாலும் என் புள்ளைங்களோட மூக்கும் முழியும் இதுக்கு வராது."

ஞாயிறு மதியம் வில்ஃபின் பாத்தியிலிருந்து பிடுங்கிய கையோடு போலீசுக்கும் போன் போட்டிருந்த எர்னி பணிவாகத் தலையாட்ட, வில்ஃப் தன் மூத்த பிள்ளையை ஒரு தட்டுத் தட்டி மேசைமேலேயே திருப்பி வைத்தார்.