கறுப்புக் கண்ணாடி

விமானம் இறங்கியதும் விமானிகள் இருவரும் உட்கார்ந்து அன்றைய தவறுகளை மனம்விட்டுப் பேசியே தீர வேண்டும் என்று மேடைதோறும் முழங்குபவர் கேப்டன் சிதம்பரநாதன். பேசப்படுவது எப்போதும் அடுத்தவர் தவறாகவே இருக்கும் என்பது வேறு விஷயம். அன்று மாலை அவர் தன்னுடன் பறந்த துணை விமானியை உட்கார வைத்து, அறைக்கதவைச் சாத்தி, தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"தம்பி, சாப்பாட்டுக்கப்புறம் பத்து நிமிஷம் நான் தூங்கிட்டேன். திடுக்குனு முழிச்சுப் பாத்தா, நீங்க கறுப்புக் கண்ணாடியோட நிமிர்ந்து உக்காந்திருந்தீங்க. அப்பத்தான் உயிரே வந்துச்சு. நூத்தெண்பது பேரு, தம்பி."

துணை விமானி ரூபன் மேசைமேல் இருந்த தொப்பியைப் பார்த்தான். விமானத்தில் கேப்டன் செருமிய சத்தத்தில்தான் அவனுக்கே விழிப்பு வந்திருந்தது. பயணிகள் இறங்கிப் போகும்போது ஒரு பெரியவர் அவன் கையைப் பிடித்து நன்றி வேறு சொல்லியிருந்தார்.

"பரவால்ல சார்."

"என்ன பரவால்ல? என் தப்பை நானே எழுதிக் குடுக்கறேன். வேலை போனாலும் போகட்டும். உங்களைப் பாராட்டியும் எழுதறேன். உங்க பக்கம் ஏதாவது சொல்லணுமா?"

சொல்லிவிடலாம் என்றுதான் ரூபன் வாயைத் திறந்தான். கொட்டாவி வந்தது.

"பாவம்," என்றார் கேப்டன், பேனாவைத் திறந்தபடி. "எனக்கும் சேத்து முழிச்சிருந்திருக்கீங்க."