படகுக்காரனின் குரல்

"கோட்டைக்குப் போகலைக்கா, ஆத்துல குதிச்சாச்சு," என்று தம்பி பகடையை உருட்டிவிடுகிறான். மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசியே ஆடும் இந்தக் கதை விளையாட்டை நடத்துகிறவள் அக்காதான். தம்பி, அவன் மனைவி, அப்பா என்று விளையாடுகிற மூவரும் எங்கே திரும்பினாலும் அங்கே ஓர் உலகம் இருந்தாக வேண்டும். மூன்று வாரமாகக் கற்பனையில் கோட்டையைக் கல் கல்லாகக் கட்டியிருக்கிறாள். ஆற்றில் ஒரு மீன்கூடக் கிடையாது. "காப்பாத்துங்கன்னு கத்தறேன்," என்கிறான் பாவி. ஜன்னல் வெயில் அவன் பல்லில் மின்னுகிறது. சட்டென்று ஒரு படகுக்காரனைக் கதைக்குள் அவள் இறக்கிவிடுகிறாள். "கத்தாதே ராஜா, மீனெல்லாம் தூங்குது," என்று கரகரத்து இழுக்கிறது அவள் தொண்டை. தம்பியின் சிரிப்பு நின்றுபோகிறது. அவன் மனைவி வாயிலிருக்கும் பிஸ்கட்டை மெல்ல மறக்கிறாள். இருவரையும் ஏற்றிக்கொண்ட படகு கரையைத் தொட்டும் அவர்கள் இறங்குவதாக இல்லை. "உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க, பெரியவரே?" என்று தம்பி மெதுவாகக் கேட்கிறான். "ரெண்டு. ஒண்ணு சமத்து. இன்னொண்ணு இப்பத்தான் ஆத்துல குதிச்சுது." சொன்ன பிறகுதான் அது யாருடைய குரல் என்று அவளுக்கே உறைக்கிறது. மேசைக் கோடியில் அப்பா, கழுத்தில் சுற்றிய துண்டோடு, தோள் குலுங்கச் சிரிக்கிறார், சத்தம் வரவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்னும் பேசு என்று விரலால் மேசையைத் தட்டுகிறார். கோட்டையைப் பாழாக்கிய தம்பியைக் கும்பிடலாம் போலிருக்கிறது அவளுக்கு. புற்றுநோய்க்காக அப்பாவின் குரல்வளையை எடுத்த பிறகு, அவர் குரல் இந்த வீட்டில் கேட்பது இதுதான் முதல் தடவை.